அங்க நமக்கு யாரைத் தெரியும்?

அன்புள்ள அப்பாவுக்கு,

நேரில் பேசினால் எனக்கு அழுகைதான் முந்திக்கொள்கிறது. அதனால் எழுதி உங்கள் சட்டைப் பையில் வைக்கிறேன்.

திங்கட்கிழமை நான் சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். "அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும், கேட்டுக்கிட்டே இருடி" என்று அம்மா சொன்னதால் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீங்களும் "அங்க நமக்கு யாரைத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு வயலுக்குக் கிளம்பிக்கொண்டே இருந்தீர்கள்.

கல்லூரித் தோழி ஆஃப்ராவிடம் போனில் புலம்பினேன். "அம்மி நகரும்டி, உங்கப்பா நகர மாட்டாரு. ஆடிக் கறக்குற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டைப் பாடிக் கறக்கணும்" என்றாள். "எங்கப்பாவை மாடுங்கிறியா?" என்று சண்டை போட்டேன்.

அப்புறம் யோசித்தபோதுதான் புரிந்தது. நீங்கள் ஒருநாளும் போகாதே என்று சொல்லவில்லை. யாரைத் தெரியும் என்றுதான் கேட்டீர்கள். நான் அதற்குப் பதில் சொல்லாமல் "போகட்டுமா, போகட்டுமா" என்றே நச்சரித்திருக்கிறேன்.

எனக்கும் அங்கே யாரையும் தெரியாது, அப்பா. பயமாகத்தான் இருக்கிறது. நீங்களும் வாருங்கள். நான் தங்கப்போகும் விடுதியைப் பாருங்கள், வார்டனிடம் பேசுங்கள். உங்கள் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் உங்களோடு திரும்பிவிடுகிறேன்.

ஞாயிறு காலை பெரம்பலூரில் பஸ். இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஜன்னல் சீட் உங்களுக்கு.

சமையல்கட்டில் இருக்கும்,
உங்கள் மகள்