ஒன்றும் பூச வேண்டாம்

அண்ணை,

நேற்றுக் காலை உங்கள் மகள் செல்வி தன் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்றுப் பல காலமாகிவிட்டது என்பது நெளுக்குளத்தில் ஒருவருக்கும் ஞாபகத்தில் இல்லை. படலையைத் திறக்கும்போதே, "மிஸ்ஸி, பிள்ளையின்ர கையை ஒருக்காப் பாருங்கோ" என்றாள். இடது தோளுக்குக் கீழே, பிறந்த பிள்ளைகளுக்குக் காசநோய் வராமல் போடுகிற பிசிஜி ஊசி குத்திய இடத்தில், நடுவில் ஒரு துளி சீழோடு சின்னப் புண். மாமியார் மஞ்சள் பூசச் சொல்கிறாராம்.

மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பழைய கிளினிக் பைக்குள் கையை விட்டேன். கையில் அகப்பட்டது கண்ணாடி அல்ல, உங்கள் குளிசை அட்டை. பத்து மாத்திரையில் நான்கு போய் ஆறு மீதி. வெள்ளித்தாள் கறுத்துப்போயிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்த ஆள் அல்லவா நீங்கள்! உங்களோடு கதைக்க எத்தனையோ மிச்சம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்குள் முதல் பழக்கமே சண்டைதான். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பிரசவமும் தடுப்பூசியும் பார்க்கப் புதிதாக நியமனம் பெற்று வந்த குடும்பநல மாது. நீங்கள் இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, இங்கே காடு வெட்டிக் கச்சான் கடலையும் உழுந்தும் போட்டு நிமிர்ந்த மனிதர். நான்கு ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண் செல்வி. அவளுக்கு நான் போட்ட பிசிஜி மூன்றாம் கிழமையில் இதே போலப் புண்ணாகியது. தாய்மார் நிறைந்திருந்த கிளினிக்குக்குள் பிள்ளையோடு வந்து நின்றீர்கள்.

"ஊசி போடுறேன்னு சொல்லிப் புள்ள கைய அழுக வச்சிட்டீங்களே மிஸ்ஸி! ஒங்க வீட்டுப் புள்ளையா இருந்தா இப்பிடிக் குத்துவீங்களா?"

எனக்கும் அப்போது இளம் இரத்தம், வாயும் சும்மா இருக்காது. "புண் வந்தால்தான் ஊசி பிடிச்சிருக்கு எண்டு அர்த்தம் அண்ணை. பிள்ளையின்ர உடம்பு வேலை செய்யுது. ஒண்டும் பூச வேண்டாம், கட்ட வேண்டாம், அது தன்ர பாட்டில ஆறும்" என்றேன். நீங்கள் முறைத்துவிட்டுப் போய் மஞ்சளும் வேப்பெண்ணெயும் அப்பினீர்கள். நான் சைக்கிளில் வந்து துடைத்துவிட்டுப் போவேன். மறுநாள் திரும்பவும் அப்பியிருக்கும். எப்படியோ புண் ஆறி, செல்வியின் கையில் பயறளவு தழும்பு விழுந்தது. அதன் பிறகும் ஒரு வருடம் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த கச்சான் பிடுங்கலின்போது என் சைக்கிள் கைப்பிடியில் ஒரு பை கச்சான் தொங்கியது. அதுதான் சமாதானம் என்று புரிந்துகொண்டேன்.

செல்விக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது உங்களுக்குச் சிறுநீரில் இரத்தம் போகத் தொடங்கியது. நோவில்லை என்று ஆறு மாதம் மறைத்தீர்கள். நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி அழுதுகொண்டு வந்து சொன்ன அன்றே உங்களை வவுனியா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். சுரண்டி எடுத்தாயிற்று, ஆனால் விட்டால் திரும்ப வரும், அதற்கு வாரத்துக்கு ஒன்றாக ஆறு கிழமை ஒரு மருந்து விடவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்ததும் நேரே என் வாசலுக்குத்தான் வந்தீர்கள்.

"என்ன மருந்துன்னு தெரியுமா மிஸ்ஸி? செல்விக்குக் குத்துனீங்களே, அதே பிசிஜி! குழாய் வழியா உள்ள விடப் போறாங்களாம்."

நான் நம்பவில்லை. குழந்தைகளின் காசநோய் ஊசிக்கும் கிழவனின் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கதை என்று நினைத்தேன். நீட்டிய காகிதத்தில் ஆங்கிலத்தில் அப்படியேதான் எழுதியிருந்தது. உங்களுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, டொக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்திருந்தீர்கள். புற்று நம் உடம்பிலேயே வளர்ந்தது என்பதால் உடம்பின் காவல் அதைக் கண்டும் காணாமல் இருக்கிறதாம். வெளியிலிருந்து ஒரு கிருமியை, அதுவும் வலுவிழந்த கிருமியை விட்டால் காவல் விழித்துக்கொள்ளுமாம். முழுவதும் எப்படி நடக்கிறதென்று தனக்கும் தெரியாது என்றாராம் டொக்டர். அதை நீங்கள் எனக்குச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

"வீட்டுப் பூன மீனத் திருடுனா நாயி குலைக்காது மிஸ்ஸி. வெளி நாயி ஒன்னு வேலிக்குள்ள வந்திச்சின்னா, குலைச்ச வேகத்துல பூனையையும் சேத்துத் தொரத்தும்."

மருந்தை விடச் சிரமம் பாஸ்தான். வவுனியாவை விட்டுக் கொழும்புக்குப் போவதென்றால் ஒவ்வொரு முறையும் பாஸ் என்ற பயண அனுமதி எடுக்கவேண்டிய யுத்த காலம். ஒவ்வொரு கிழமையும் வரிசையில் நின்று, ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டைக் காட்டி, முதல் இரண்டு தடவையும் போய் வந்தீர்கள். மருந்தை விட்டபின் இரண்டு மணித்தியாலம் சிறுநீர் கழிக்காமல் கட்டிலில் புரண்டு புரண்டு படுக்க வேண்டுமாம். "ரொட்டி கூட ரெண்டு பக்கந்தான் மிஸ்ஸி வேகும். நான் நாலு பக்கமும் வெந்துட்டேன்" என்று சொல்லி அக்காவைச் சிரிக்க வைத்தீர்கள்.

மூன்றாம் தடவை வந்து இறங்கியபோது சிரிப்பு இல்லை. காய்ச்சல், நடுக்கம், சிறுநீர் நெருப்பாய் எரிகிறது என்றீர்கள். அக்கா என்னைக் கூப்பிட்டு விட்டார். வந்து தொட்டுப் பார்த்த நான் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. சிறுநீரில் கிருமி தொற்றிவிட்டது என்று நானே முடிவு கட்டி, டவுனிலுள்ள தனியார் மருந்தகத்துக்கு ஓடி, கிருமி கொல்லும் குளிசை பத்து வாங்கி வந்து, முதல் குளிசையை என் கையாலேயே விழுங்கவைத்தேன். உங்கள் சட்டைப் பையில் டொக்டரின் துண்டு இருந்தது. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவளுக்குத் துண்டு எதற்கு?

அடுத்த கிழமை டொக்டர் உங்களைத் திட்டி, மருந்து விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். இம்முறை துண்டை நீங்களே என்னிடம் நீட்டினீர்கள். இரண்டு நாள் காய்ச்சலும் எரிவும் எதிர்பார்த்ததுதான், உடம்பு எழும்பிவிட்டதற்கு அதுவே அடையாளம், அதற்கு மேல் நின்றால் உடனே தன்னிடம் வரவேண்டும், இந்த மாதிரிக் குளிசை உள்ளே விட்ட மருந்தையே கொன்றுவிடக் கூடும் என்று எழுதியிருந்தார். மூன்றாவது வேலை செய்ததா, வீணாய்ப் போனதா என்று தெரியாததால் அதை எண்ணாமல் விட்டு, இன்னும் நான்கு விட வேண்டும் என்றும் இருந்தது. வாசித்து முடித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். என்னால் உங்களுக்கு ஒரு மருந்து வீண், ஒரு பாஸ் கூட.

நீங்கள் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "செல்வி கையில புண்ணு வந்தப்ப ஒன்னும் பூசாதீங்கன்னு என்னா சத்தம் போட்டீங்க! எனக்குக் காய்ச்ச வந்ததும் நீங்களே பூசிப்புட்டீங்களே மிஸ்ஸி" என்றீர்கள். பிறகு மீதி அட்டையை என் கையில் வைத்தீர்கள். "ஆறு இருக்கு. நீங்களே வச்சுக்கங்க. அவசரம் வர்ற நேரம் எடுத்துப் பாருங்க. குடிக்க வேணாம், பாத்தாப் போதும்."

அன்றைக்கு நான் எனக்குள் ஒரு முடிவெடுத்தேன். இந்த மனிதருக்கு மீதி நான்கும் போகவேண்டும், வானமே இடிந்து விழுந்தாலும். ஒவ்வொரு கிழமையும் வரிசையில் உங்களோடு நின்றேன். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது முடிந்தது. காய்ச்சல் வந்தது, தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, துண்டில் எழுதியபடி இரண்டு நாள் எண்ணிக்கொண்டு கையைக் கட்டியிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான்.

கடைசி மருந்துக்குரிய கிழமையில் எங்கோ சண்டை மூண்டு பாஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். என் அவசரம் இல்லாமலிருந்தால் இரண்டு கிழமைக்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும். திங்கள் போனோம், இல்லை என்றார்கள். செவ்வாய் போனோம், இல்லை என்றார்கள். வியாழன் காலை ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். "விடுங்க மிஸ்ஸி, ஆறு விட்டாச்சுதானே" என்றீர்கள். "அண்ணை, நீங்கள் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ" என்றேன். புதன் காலை பாஸ் அலுவலகக் கதவு திறக்க முன்பே கிளினிக் சீருடையோடு முதல் ஆளாய் நின்றேன். எனக்குச் சிங்களம் நாலு சொல்தான் தெரியும். அந்த நாலையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கதிரையிலிருந்த இளம் உத்தியோகத்தர் துண்டை வாசித்துவிட்டு உங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். நீங்கள் சிங்களத்தில் பதில் சொல்ல அவர் சிரித்துவிட்டார். குழந்தைகளின் ஊசியா, இந்த வயதிலா என்று கேட்டாராம். மகளுக்குப் போட்டபோது இந்த அம்மாவோடு சண்டை பிடித்தேன், அந்தப் பாவந்தான் என்றீர்களாம். அவர் பேனையை எடுக்க முன் தன் இடது தோளைச் சட்டைக்கு மேலால் ஒருமுறை தடவியதைக் கண்டேன். மூன்று நாள் பாஸ் எழுதித் தந்தார். ரயில் இல்லை, பஸ்ஸில் சோதனைக்குச் சோதனை இறங்கி ஏறி, வியாழன் காலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்கள்.

அதன் பிறகு பதினேழு வருடம். ஒவ்வொரு சோதனையிலும் குழாய்க் கண்ணாடியால் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். செல்வியின் கல்யாணத்தில் என்னை முன் வரிசையில் இருத்தினீர்கள். கடைசியில் புற்றுநோய் அல்ல, காயப்போட்ட கச்சானுக்கு நடுவில் வந்த நெஞ்சுவலிதான் உங்களைக் கொண்டுபோனது.

போன மாதம் பேப்பரில் ஒரு கட்டுரை வாசித்தேன். வராமல் தடுக்க அல்ல, வந்த புற்றுநோயைக் குணப்படுத்தவே தடுப்பூசி செய்கிறார்களாம். நோயாளியின் கட்டியிலேயே உள்ள அடையாளங்களை எடுத்து, உடம்பின் காவலுக்குக் காட்டிப் பழக்குகிறார்களாம். சிலருக்குப் பலிக்கிறது, சிலருக்குப் பலிக்கவில்லை, ஏன் என்று இன்னும் தேடுகிறார்கள். பூனையின் முகத்தை நாய்க்குக் காட்டிக் கொடுக்கிறார்கள் என்று நீங்கள் ஒரே வசனத்தில் முடித்திருப்பீர்கள். அந்த ஆராய்ச்சி எத்தனை தரம் தோற்றாலும் விடாமல் செய்யட்டும். ஒரு மருந்து வீணானால் இன்னொன்றுக்கு வரிசையில் நிற்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும்.

நேற்றுச் செல்வி, "மஞ்சள் வேண்டாமெண்டால் வேற ஏதாவது பூசட்டோ மிஸ்ஸி?" என்று கேட்டாள். பிள்ளை சிணுங்கியது. எனக்கும் கை துறுதுறுத்தது. பழக்கம் போகுமா? கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்டும் பூச வேண்டாம், அது வேலை செய்யுது" என்றேன். அவள் தன் சட்டைக் கையை உயர்த்தித் தன் தழும்பைப் பிள்ளைக்குக் காட்டிச் சிரித்தாள்.

போகும்போது மேசையிலிருந்த அட்டையைக் கண்டு, "இது காலாவதியாகிக் கன காலம் மிஸ்ஸி, எறியட்டோ?" என்றாள். "வை அதை!" என்று போட்ட சத்தத்தில் பிள்ளை விழித்துப் பார்த்தது. அவளுக்குத் தெரியாது, அது உங்களுக்கு வாங்கிய மருந்தென்றாலும் எனக்குத்தான் வேலை செய்கிறது என்று. திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன், அண்ணை. இன்னும் ஆறு இருக்கிறது.