படித் திருப்பத்தில் ஒரு நாற்காலி

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், இருக்கிறோம் என்று வைத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் விட்டதா? கோபம் ஆறட்டும் என்று காத்திருந்ததில் பதில் தாமதமாகிவிட்டது, கோபமும் ஆறவில்லை. பெரியப்பாவை மன்னித்துவிடும்மா என்று எழுதியிருக்கிறாய். உன்னைப் பத்தொன்பது வயதில் பெற்றவள், மன்னிக்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்த அன்று நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. தெருமுனை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். ஈசிஜி எடுத்ததுமே, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம் என்றாள். ஸ்டென்ட்தான் மேல், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் வைக்க முடியவேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவே மூன்றரை மணி நேரம், அதனால் இப்போது ஊசி, நாளைக்கு அங்கே போய் ஸ்டென்ட் என்று கெஞ்சினாள். ஊசியால் நூற்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தம் கசியலாம் என்பதையும் மறைக்கவில்லை. உன் பெரியப்பா அந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டார். கரைக்கிறதெல்லாம் அந்தக் காலம்மா, என் தம்பிக்கு நேரா ஸ்டென்ட்தான் என்று சொல்லி, ஊசி வேண்டாமென்று கையெழுத்துப் போட்டார். நம் வீட்டில் எதற்கும் மூத்தவர் கையெழுத்துதானே. பேனா என்னுடையது. கல்லூரியில் படித்த நான்தான் மூடியைக் கழற்றி நீட்டினேன்.

ஸ்டென்ட் வைக்கும்போது ஐந்து மணி நேரம் கடந்துவிட்டது. அடைப்பு திறந்தது, இதயத் தசை பாதி செத்திருந்தது. நம் மூன்று மாடியில் ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா உட்கார்ந்துதான் ஏறுகிறார். ஞாயிற்றுக்கிழமை நடக்கக் கூட்டிப்போக வரும் பெரியப்பாவைத்தான் நாற்காலியைத் தூக்கிவர வைத்தேன். ஆள் வைக்கட்டுமா என்றார். எதுக்குங்க, எல்லாத்துக்கும் மூத்தவர்தானே முன்னாடி நிப்பீங்க என்றேன். அப்பா என்னை முறைத்தார், முறைக்கட்டும்.

போன மாதம் நாலாவது திருப்பத்தில் நாற்காலியைப் போட்ட பெரியப்பா அதில் தானே சரிந்தார். சட்டையெல்லாம் வியர்வை, நெஞ்சில் கை. பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். பிறகு அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. ஊசியாம்மா, பயமா இருக்கும்மா என்று என் கையைப் பிடித்தார். வாயை மூடுங்க என்று சொல்லி, உறவினர் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், அதே பேனாவால். கால் மணியில் ஊசி ஏறியது, மறுநாள் ஸ்டென்ட். இதயம் கிட்டத்தட்ட முழுசாகத் தப்பிவிட்டது. நீதாம்மா காப்பாத்தினே என்று அழுதார். காப்பாத்தலைங்க, இனி நீங்க மூச்சு வாங்காம மாடி ஏறுவீங்க, உங்க தம்பி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார், பக்கத்துல நின்னு பாருங்க என்றேன்.

எடை தூக்கக்கூடாது என்பதால் நாற்காலியை இப்போது நான் தூக்குகிறேன். அவர் வெறுங்கையோடு பின்னால் வருகிறார், தலை நிமிர்வதில்லை. எனக்கு அது போதவில்லை. ஆகையால் அவருக்காக இனி எழுதாதே.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும். உன் அறையிலிருந்து ஸ்டென்ட் வைக்கிற ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம் என்று இந்த வாரமே போய்ப் பார்த்து எழுது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் நீயே போடு, பேனாவை யார் கையிலும் கொடுக்காதே.

கொடுத்துவிட்டு நிற்கிற,
உன் அம்மா