தாராவுக்கு இரண்டு மாத்திரை

அம்மாவுக்கு ஸிந்துஜா தண்டன் சமர்ப்பித்து எழுதுவது. இதை யாருக்கும் காட்டாதே. அப்பாவுக்கும் வேண்டாம், அத்தை அவர் தங்கை. உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

அத்தை பெண் தாராவின் ஆட்டிசத்துக்கு டாக்டர் எழுதியது அரை மாத்திரை. நேற்று கருடசேவைக் கூட்டத்தில் அவள் கத்தக்கூடாது என்று அத்தை இரண்டு கொடுக்கச் சொன்னாள். நான்தான் தயிர்சாதத்தில் பிசைந்து ஊட்டினேன். பெருமாள் வாசலுக்கு வந்தபோது குழந்தையின் கழுத்து பின்னால் வளைந்து, கண் மேலே செருகிக்கொண்டது.

எதிர்வீட்டு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கண்ணை எடுக்காம சேவிக்கறா பாருங்கோ. ஆறு வயசுல என்ன பக்தி."

"எல்லாம் அவன் கடாட்சம் மாமி" என்று அத்தை சிரித்தாள்.

பிறந்ததும் அழுதாளா என்று டாக்டர் கேட்டபோதும் அத்தை, "நன்னா அழுதா" என்றாள். அழாமல் நீலம் பாரித்துக் கிடந்தாள், பிறகு வலிப்பும் வந்தது என்று பிரசவத்தில் கூட இருந்த நீதானே சொன்னாய்? அதை டாக்டரிடம் நீயே சொல்லிவிடு. அவர் சீட்டை எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், போன் நம்பர் அதில் இருக்கிறது. உற்சவம் முடியும்வரை தினமும் இரண்டு மாத்திரை என்கிறாள் அத்தை.

ஒரு டார்ச் லைட் அனுப்பு. ராத்திரியில் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. முடிந்தால் நீயே வா.

கதவு தட்டும் சத்தம். அத்தைதான். மாத்திரையை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறாள்