ஆயுள் பரியந்தம் ஓர் அறை

மதுரை,
ஈசுவர வருஷம், மாசி 3.

மாயவரத்தில் இருக்கும் வாலாம்பாள் அக்காவுக்கு, ஜகதாம்பாள் நமஸ்காரம் பண்ணி எழுதுவது. அத்திம்பேருக்கு இருமல் தேவலையா? இங்கே எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம். அதற்குமேல் க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை.

எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்த அபயாம்பாளை ஒன்பது நாளாகக் காணவில்லை. உங்கள் ஊர்ப் பெண் அவள். அங்கே வந்திருக்கிறாளா என்று நீதான் பார்க்க வேண்டும். ஆவணியில் வீடு வாங்கியதைப் பெருமையாக எழுதினேனே தவிர, அவளைப் பற்றி உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

பதினாலு வருஷம் நாலு குடித்தனத்துக்கு நடுவில் இருந்தேன். எனக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விடியற்காலை ஒரு நாழிகை என்று வீட்டுக்காரி விதித்திருந்தாள். தாண்டிவிட்டால் கயிற்றை உருவிக்கொண்டு போய்விடுவாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று இவரை நச்சரித்தேன். அப்போதுதான் தெற்கு ஆவணி மூல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இந்த வீடு விலைக்கு வந்தது. கோயில் கோபுரம் தெரிகிறது, கடைத்தெரு கூப்பிடு தூரம், இரண்டு கட்டு, வற்றாத கிணறு. விலையும் சகாயம். இறந்துபோன பசுபதி ஐயரின் சம்சாரம் பின்னறையில் ஆயுள் பரியந்தம் இருப்பாள் என்று பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்ததுதான் காரணம். விற்றவர் பசுபதி ஐயரின் பிள்ளை, பம்பாயில் உத்தியோகம்.

தரகர் வெள்ளைத்துரை இவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், "சாமி, பெரியவரு இன்னைக்கு இருந்தா எண்பது வயசு. அந்தம்மாவுக்கு எம்புட்டு இருக்கும், நீங்களே பாத்துக்கங்க. இன்னும் ஒண்ணு ரெண்டு வருசம்." நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்ல காரியமாக வீடு பார்க்கப் போகும்போது கைம்பெண் முகத்தில் யாராவது விழிப்பார்களா? அவளும் வெளியே வரவில்லை. கதவிடுக்கில் மொட்டைத் தலையும் முக்காடும் முதுகும் தெரிந்தன. நாசூக்கு தெரிந்த கிழவி என்று மெச்சிக்கொண்டு வந்தேன். கிருகப்பிரவேசத்தன்றும் அறையைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

மூன்றாம் நாள் கிணற்றடியில் பார்த்தேன். இருபத்தைந்து வயசுப் பெண், அக்கா! பதினோரு வயசில் இளையாளாகக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பதினாலில் எல்லாம் முடிந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாமி, நீங்க வீடு பாக்க வந்தன்னிக்கு நான் எதிர்லயே வரல்லை. உங்களுக்கு நல்லபடியா அமையணுமேன்னுதான்" என்றாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் செத்த பிறகும் இவள் இந்த வீட்டில் இருப்பாளே என்றுதான் தோன்றியது. மனசில் தோன்றியதை மறைத்து எழுதி என்ன பிரயோஜனம்?

அவள் நல்லவள். என் பெண் விசாலத்துக்குக் கோலமும் ஊசி வேலையும் சொல்லிக்கொடுத்தாள். எனக்குச் சுரம் வந்தபோது பத்து நாள் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். அப்போதெல்லாம் வாங்கிக் குடித்தேன். தை மாதம் விசாலத்தைப் பெண் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்து வந்தார்கள். பிள்ளையின் தாயார் கை அலம்பக் கிணற்றடிக்குப் போனவள், அங்கே அபயாம்பாளைப் பார்த்துவிட்டாள். காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறாள் என்று அன்றைக்கு நான் போட்ட கூச்சல் சந்து முனைவரைக்கும் கேட்டிருக்கும்.

பத்திரத்தை எடுத்துப் படியுங்கள் என்று இவரை உட்கார வைத்ததும் நான்தான். பின்னறையில் வாசம் என்று இருந்ததே தவிர, கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முனிசிபல் ஆபீசில் இருபது வருஷம் காகிதம் பார்த்தவர் அல்லவா, இவருக்கு அது போதும். அவள் அறைக்கு இரண்டு கதவு. ஒன்று எங்கள் கிணற்றடிக்கு, மற்றது பின்சந்துக்கு. கிணற்றடிக் கதவில் எங்கள் பக்கம் பூட்டைப் போட்டார். தெருக்குழாய் இருக்கிறதே, பிடித்துக்கொள்ளட்டும் என்றார். குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கிறது, மடிக்காரி அந்தத் தண்ணீரைத் தொடமாட்டாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்து நாளில் தன் அண்ணா வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டோம்.

முதல் நாள் கதவைத் தட்டினாள். "மாமி, மாமி" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். நான் பருப்புக் கடைந்துகொண்டு காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். அப்புறம் அவள் தட்டவில்லை. இருட்டோடு எழுந்து வைகைக்குப் போய், மணலில் ஊற்றுத் தோண்டி, குளித்து, ஒரு குடம் கொண்டுவருவாள். அந்தக் குடம்தான் அன்றைக்குப் பூராவும். ஆற்றுக்குப் போகும் வழியில் சில தடியர்கள் அவள் பின்னாலேயே வந்து பரிகாசம் பண்ணுகிறார்கள் என்று பால்காரி ராமக்காள் வந்து சொன்னாள். "ஏம்மா, சின்னஞ்சிறுசு, கதவைத் தொறந்து விடக்கூடாதா?" என்று கேட்டாள். உன் வேலையைப் பார் என்றேன். ராமக்காளுக்கு இருந்த மனசு எனக்கு இல்லை.

பன்னிரண்டாம் நாள் போனவள் திரும்பவில்லை. ராமக்காள் தன் மகனை அழைத்துக்கொண்டு கரையோடு தேடினாள். குடம் மட்டும் ஊற்றுக்குப் பக்கத்தில் நிறைந்தபடி இருந்ததாம். கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எங்களுக்குப் பால் ஊற்றுவதில்லை. ஆற்றில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை, அதில் யாரும் சாக முடியாது என்றார் இவர். போலீசில் எழுதிவைக்கலாம் என்றேன். கிணற்றை யார் பூட்டினது என்று கேட்பார்களே என்றார். வெள்ளைத்துரை வந்து, "சாமிக்கு நல்ல நேரந்தான்" என்றுவிட்டுப் போனார். நேற்று அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தான். நான் வாசலிலேயே மறித்து விரட்டிவிட்டேன். அந்த அறையில் அவளுடைய இன்னொரு புடவை இன்னும் கொடியில் தொங்குகிறது.

மகாதானத் தெருவில் அவளுடைய அண்ணா இருக்கிறார், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். நீ வெற்றிலை பாக்குக் கொடுக்கிற சாக்கில் போய் உள்ளே எட்டிப் பார். இருந்தால், கிணற்றடிப் பூட்டை நானே கல்லால் உடைத்துவிட்டேன் என்று சொல். இவர் என்னோடு பேசுவதில்லை, அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. நான் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கதவை யாரும் சாத்தமாட்டார்கள் என்று சொல். அவள் வரவேண்டும் என்றுகூட இல்லை, அக்கா. எங்கேயாவது இருந்தால் போதும்.

என்னை ஆசீர்வாதம் பண்ண வேண்டாம். விசாலத்துக்குப் பண்ணு, அவள் ஒரு பாவமும் அறியாதவள். அபயாம்பாள் அங்கே இருந்தால் அன்றைக்கே தந்தி அடி. இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே.

உன் தங்கை,
ஜகதாம்பாள்.