மறியலில் நடந்து வந்த ரெக்கார்டு

கள்ளக்குறிச்சி, 1987

அன்புள்ள கெழட்டுக் கழுதைக்கு,

நாம ரெண்டு பேரும் பாடுன ரெக்கார்டு வந்து இருவத்தஞ்சு வருசமாச்சுன்னு கம்பெனிக்காரங்க புதுசா போட்டிருக்காங்க. எங்க சாதிக்காரங்க பண்ற ரோடு மறியல்ல பஸ்ஸு இல்லாம, சின்னசேலத்துலேருந்து நடந்தே அத எடுத்தாந்து குடுத்திருக்க. ரொம்ப நன்றிடா.

வழியில எங்காளுங்க மடக்கி, "பெருசு, நீ எந்த ஆளுங்க?"ன்னு கேட்டாங்களாமே. அட்டையில நம்ம போட்டோவக் காட்டி, "இவன் வூட்டுக்குத்தான் போய்க்கினு இருக்கேன்"னியாம். வுட்டுட்டாங்களாம். என் அழகு அப்பிடி!

ஆனா நான் வூட்ல இல்லாத நேரம், மருமவ உள்ள கூப்ட்டும் வாசலோட போயிட்டியாம். ரெக்கார்டு வந்த வருசம் உன்ன வெளிய ஒக்கார வச்சு சோறு போட்டேனே, அதான?

தப்பு என்னுதுடா. பஸ்ஸு வுட்டதும் வா. எம்பக்கத்துலயே எல போடச் சொல்லிட்டேன். வர்ற வரைக்கும் நானும் துன்னமாட்டேன்னேன், மருமவ சிரிக்கிறா.

சீக்கிரம் வா, பசிக்குது.

இப்படிக்கு,
உன்கூடப் பாடுனவன்