உள்ளே இழுத்து வைத்த தெரு

மார்ச் 4
மாநகராட்சித் திட்டப் பிரிவிலிருந்து எங்கள் கடைத்தெருவைப் பார்க்க வருவதாக நேற்றே செய்தி. மாநகராட்சி என்றால் போதும், எங்கள் தெருவில் எல்லோர் கையும் தானாக வேலை செய்யும்: நடைபாதையில் இருப்பதெல்லாம் உள்ளே. நானும் விற்பனைக்கு வைத்திருந்த வாளி, துடைப்பம், தொங்கும் கூடை எல்லாவற்றையும் கடைக்குள் அடைத்தேன். எனக்கே நிற்க இடமில்லை. பக்கத்துக் கடிகாரக்காரர் மேசையோடு உள்ளே போய்விட்டார். வந்த பெண் அதிகாரி படம் எடுத்துக்கொண்டு போனார். அபராதம் இல்லை. தப்பித்தோம் என்று எல்லோரும் டீ குடித்தோம்.

மார்ச் 19
தப்பித்தோமாம்! எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ‘வியாபார நடமாட்டம் இல்லாத தெரு’ என்று எழுதிவிட்டார்கள். கடைகளை இடித்துவிட்டு அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டப் போகிறார்கள். அன்று அவர்கள் வந்தது அபராதம் போட அல்ல, தெருவுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க. நாங்களோ மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தோம்.

மார்ச் 20
வீட்டுக்காரர் சொல்கிறார்: “இழப்பீட்ட வாங்கிட்டு நிம்மதியா இருப்போமே. உனக்கு எதுக்கு இந்த வீம்பு?”
வீம்புதான். கல்யாணமாகி வந்த நாளாக இந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டதில்லை. கடையில் எடுபடும். அதற்கு என்ன இழப்பீடு தருவார்களாம்?

மார்ச் 22
அந்த அதிகாரியிடமே போனேன்.
“நான் பாத்ததத்தானே எழுத முடியும்?” என்றார்.
“நீங்க பாத்தது நாங்க ஒளிச்சு வச்ச தெரு. இந்தத் தடவ சொல்லாம வாங்க.”
“அப்ப நடைபாதைல சாமான் இருக்குமே. அபராதம் போட வேண்டி வரும்.”
“போடுங்க. செத்துப்போச்சுன்னு மட்டும் எழுதாதீங்க.”
வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னை அப்படிப் பேச வைத்தது எது? கோபமா, பயமா? இரண்டும்தான்.

மார்ச் 23
முடிதிருத்தும் கடையில் தெருக் கடைக்காரர்கள் கூட்டம். அதிகாரியைச் சொல்லாமல் வரச் சொன்னதற்காக எல்லோரும் என் மேல் பாய்ந்தார்கள்; இனி எந்நேரமும் சாமான் உள்ளேயே என்றார்கள். கடிகாரக்காரர், “கடைக்காரிங்கறதுக்காக வம்பையுமா விலைக்கு வாங்குவீங்க?” என்றார்.
“ஒளியறவங்க ஒளிஞ்சுக்குங்க. என் வாளி வெளியதான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எவ்வளவு நாளைக்குத்தான் திருடி மாதிரி வியாபாரம் பண்றது?

மார்ச் 24
வெளியே வைத்தேன். நான் மட்டும்.

மார்ச் 27
கடிகாரக்காரரின் மேசை வெளியே வந்துவிட்டது. “உள்ள ஒரே புழுக்கம்” என்கிறார். சரி, புழுக்கமாகவே இருக்கட்டும். மாலைக்குள் எதிர்வரிசை முழுக்கப் புழுக்கம்.

ஏப்ரல் 2
அதிகாரி வந்துவிட்டார்! வண்டியில்லாமல், மாலை நெரிசலில், நடந்து. யாரோ ஒரு அம்மா அவரையே, “கொஞ்சம் ஒதுங்குங்க, வழிய அடைக்காதீங்க,” என்று தள்ளிவிட்டுப் போனாள். தெருவில் எல்லோர் கையும் பரபரத்தது. என் கையும் ஒரு வாளியைப் பிடித்தது. பிடித்த இடத்திலேயே விட்டேன். ஒருவரும் எதையும் உள்ளே எடுக்கவில்லை.
ஒரு கடை விடாமல் அபராதம் போட்டார். என்னிடம் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது மட்டும் குரலைத் தாழ்த்தினார்: “இத்தன கடைக்கு அபராதம் போட்டுட்டு, இங்க வியாபாரமே இல்லன்னு நான் எழுதினா யாராவது நம்புவாங்களா?”
அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு சிரித்தவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 11
வாகன நிறுத்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். மாலையில் தெருவுக்குள் வண்டி வராது. கடை முன்னால் கொஞ்ச இடத்தில் சாமான் வைத்துக்கொள்ளலாம், அதற்கு எல்லைக்கோடு உண்டு. இன்று அந்தக் கோடு போட ஆள் வந்தார். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த வீட்டுக்காரரைப் பார்த்து, “கோடு எங்க போடணும் சார்?” என்று கேட்டார்.
“எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? கடைக்காரம்மா உள்ள இருக்காங்க. அவங்க சொல்ற எடத்துல போடுங்க.”
வெளியே வந்து காலால் இடத்தைக் காட்டினேன். அனுமதித்ததைவிட அரை அடி தள்ளி.