சூடேறாத ஜானவாசக் கார்

1938 ஜனவரி 18

அப்பாவின் கார் இன்றும் பழவங்காடி முனையில் நின்றுபோயிற்று. வேகமாகப் போனால் போகிறது. மெல்லப் போனால் இருமி இருமி நின்றுவிடுகிறது. போனக்காட்டு எஸ்டேட் துரையிடமிருந்து வாங்கிய வண்டி. ஊரில் மற்றவர்கள் கார் கொதித்து ஆவி விடும்போது இது மட்டும் சூடே ஏறாது. அதில் அப்பாவுக்கு ஏகப் பெருமை. “மலையில இருந்த வண்டி. சாந்த சுபாவம், கேட்டியா” என்று கோர்ட்டில் கட்சிக்காரர்களிடம்கூடச் சொல்கிறார்.

ஜனவரி 20

என் கல்யாணத்துக்கு முதல் நாள் ஜானவாசத்துக்கு இந்தக் கார்தானாம்! பிள்ளையார் கோவிலிலிருந்து கோட்டைக்குள் எங்கள் தெரு வரை, நாகஸ்வரக்காரர் பின்னால் மாப்பிள்ளையை நடை வேகத்தில் கொண்டுவர வேண்டும். நடை வேகம்! இந்த வண்டியா? நடுத்தெருவில் அவரை உட்காரவைத்து எல்லாரும் தள்ளுவதா? வாடகைக் கார் வைக்கலாமே என்று அப்பாவிடம் சொன்னேன். “நம்மாத்துல கார் இருக்கச்சே வாடகைக் காரா?” போச்சு.

ஜனவரி 23

இது சாந்தமில்லை, சீக்கு.

எதிர்வீட்டு டாக்டர் காரில், ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஜில்லென்று கிடந்தது. அப்புறம் திடீரென்று சுட்டது — விரலை உதறினேன். எங்கள் காரில்? முதலிலிருந்தே வெதுவெதுப்பு. எத்தனை நேரம் ஓடினாலும் அதே வெதுவெதுப்பு.

டிரைவர் தங்கப்பனைக் கேட்டேன். “அதில ஒரு வால்வு உண்டு, குஞ்ஞே. வெள்ளம் சூடாகுந்நது வரை அடைச்சு வைக்கும்.”

தண்ணீர் சூடாகுமுன்பே அது திறந்து கிடந்தால்?

“இந்தச் சூட்டுக்கு அதல்லே நல்லது?”

இல்லவே இல்லை! எஞ்சின் சூடானால்தானே பெட்ரோல் சரியாக எரியும்? மெல்லப் போகும்போது இருமி நிற்பது அதனால்தான். காலேஜில் படித்த பௌதிகம் வீண்போகவில்லை.

ஜனவரி 24

“கல்யாணப் பொண்ணு கையில கிரீஸா? சம்பந்திக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பா?” — அப்பா. கேட்கமாட்டேன் போ.

ஜனவரி 27

அப்பா பூஜையில் இருந்தபோது தங்கப்பன் வால்வைக் கழற்றித் தந்தார். படிவு கட்டி, திறந்த வாய் திறந்தபடியே இறுகிக் கிடந்தது. பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுபோலப் புளித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். மூடிக்கொண்டது! வெந்நீரில் போட்டேன் — மெல்லத் திறந்தது. எடுத்து ஆறவிட்டால் மூடுகிறது.

“ரசத்துக்கு வெச்ச புளிடீ!” என்று அம்மா கத்தினாள். பிறகு அவளே குனிந்து, “இன்னொரு தரம் போடு, பாப்போம்” என்றாள்.

ஜனவரி 29

தங்கப்பன் வால்வைத் திரும்ப மாட்டிவிட்டார். கார் ஓடுகிறது, மெல்லவும் ஓடுகிறது! என் வேலை என்று அப்பா கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. “வெளியில மூச்சு விடாதே” என்றார், அவ்வளவுதான். கொஞ்சம் வருத்தம்தான்.

பிப்ரவரி 10

எழுத இன்றுதான் ஒழிந்தது. ஜானவாசத்தன்று உள்ளே எல்லாரும் நாகஸ்வரம் கேட்டார்கள். நான் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் வாசிப்பு நின்றது. ஆனால் கார் நிற்கவில்லை, வாசல்வரை குடுகுடுவென்று வந்தது.

மாப்பிள்ளை குரல்: “இவ்வளவு மெதுவா வந்தும் ஒரு தரம்கூட நிக்கலையே மாமா! யார் மெக்கானிக்?”

அப்பா இருமினார். சம்பந்திகள் அத்தனை பேரும் அங்கே நிற்கிறார்கள்.

“எம் பொண்ணுதான்” என்றார். பிறகு இன்னும் உரக்க, “நான் வேண்டாம்னேன், அவ கேக்கல!”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா என் கண்மையைத் துடைத்துவிட்டுக்கொண்டே தானும் அழுதாள்.

மார்ச் 13

இவருக்கு இந்த ஊரிலேயே வேலை என்பதால் கரமனையில் குடித்தனம் வைத்திருக்கிறோம். இன்று காலை இரண்டு மாடுகள் ஒரு கிழட்டுக் காரை இழுத்து வந்து வாசலில் நிறுத்தின. பின்னால் இவர், முகம் கொள்ளாத சிரிப்போடு.

“ஓடாதா?” என்றேன்.

“ஓடாதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன்” என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். புளி.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன்.